ஈசானியத்துக்கு ஒரு டிரம் தண்ணீர்

ஏழுமலை என் பட்டறை மேசையில் கொண்டுவந்து வைத்தது ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே இரண்டு கை அள்ளும் அளவுக்குச் செம்மண் சேறு. அதில் வைக்கோல் துணுக்கும் ஒரு செங்கல் துண்டும் ஒட்டியிருந்தன.

“இன்னா மச்சான் இது?” என்றேன்.

“எங்கொட்டா சொவுரு.”

அது கார்த்திகை மாதம். குருவிநத்தத்திலிருந்து தவளக்குப்பம் வரைக்கும், தூறலில் நனைந்தபடி, சுவரைப் பையில் கட்டி மொபெட்டில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. டீ சொன்னேன், வேண்டாம் என்று கையை ஆட்டினார். டீயை வேண்டாம் என்று சொல்கிற ஏழுமலையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

போன வாரம் இந்தத் தொடரில், கடலூர் ரோட்டோரம் பட்டறை போட்ட கதையை எழுதியிருந்தேன். தகரத்தை வெட்டி மடக்கி, கூரை விளிம்பில் மழைத் தண்ணீரைப் பிடித்து இறக்கும் கட்டர் செய்து மாட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. பாகூர், வில்லியனூர் சுற்று வட்டாரத்தில் ‘கட்டர் மூர்த்தி’ என்றால் வழி காட்டுவார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படியே அச்சடித்து அனுப்புகிறவர்கள் உண்டு. அந்தப் பேரை வைத்துக்கொண்டு பெருமைப்பட முடியாமல் நின்ற நாள் அது.

ஏழுமலை என் அக்கா தனலட்சுமியின் கொழுந்தன். இறந்துபோன என் மாமாவுக்குக் கூடப் பிறந்த தம்பி. இரண்டு குடும்பத்துக்கும் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஆள் பக்கவாட்டில் திரும்பி நடக்கிற அளவுக்கு ஒரு சந்து. சந்துக்கு இந்தப் பக்கம் அக்கா வீடு, அந்தப் பக்கம் ஏழுமலையின் மாட்டுக் கொட்டகை.

“மேல உங்கக்கா வூட்டு பைப்பு. கீழ எங்கொட்டா. மழ வந்தா மோட்டார் போட்ட மாறி ஊத்துது. மூணு வாட்டி சொன்னேன், அண்ணி வாயத் தொறக்கல. வாட்டம் வுட்டவன் நீ. இத்த நீயே வச்சிக்க.”

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

“இன்னொண்ணு. தையில கவிதாவுக்குத் தார வாக்க வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு. எங்கொட்டாயில தண்ணிய ஊத்திட்டு, எங்கையால தண்ணி ஊத்துன்னா இன்னா நாயம்?”

மொபெட் சத்தம் அடங்கிய பிறகும் நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா இல்லாத பெண்

கவிதா என் அக்காவின் ஒரே பெண். அவள் அப்பா, என் மாமா, ஒரு மதியம் கரும்புத் தோட்டத்திலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டார்.

அப்பா இல்லாத பெண்ணுக்குச் சித்தப்பாவும் சித்தியும் மணையில் நின்று, செம்பிலிருந்து தண்ணீர் விட்டுத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். தாய்மாமன் நான் எத்தனை தட்டு சீர் சுமந்தாலும் அந்த வேலைக்கு ஆகமாட்டேன். பெண்ணைக் கொடுப்பது பங்காளி வீடுதான். பெற்ற தாய், கணவனை இழந்தவள் என்பதால், மணைக்குப் பக்கத்தில்கூட வரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது தப்பு என்று இப்போது உட்கார்ந்து எழுதுவது சுலபம். அன்றைக்கு நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

ஏழுமலையைவிட்டால் பங்காளிகளில் தூரத்துச் சொந்தம்தான். யாரோ ஒருவர் வந்து நின்று தண்ணீர் விட்டால் சடங்கு முடிந்துவிடும். ஆனால் கவிதாவை மூன்று வயதில் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுத் திருவிழாவுக்குப் போனவர் ஏழுமலை. அவர் இல்லாமல் அந்தப் பெண் மணையில் நிமிர்ந்து உட்காராது. அக்காவுக்கும் அது தெரியும்.

தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சொல்வதற்கு முன்னால், வாட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வேப்பிலைச் சோதனை

கட்டர் மாட்டுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரண்டு விஷயம்தான். தண்ணீர் எங்கே போக வேண்டும், அங்கே போக எவ்வளவு சாய்வு வேண்டும். அந்தச் சாய்வைத்தான் வாட்டம் என்போம். பத்தடிக்கு அரை இஞ்ச் போதும். அதற்குக் குறைந்தால் தண்ணீர் நிற்கும். ரொம்பக் கூடினால் தண்ணீர் முட்டி மோதிக்கொண்டு ஓடி, கடைசி முனையில் தாவி வெளியே விழும்.

இந்த அரை இஞ்சை ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் உயிர் போய்விடும். வில்லியனூரில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், தெருவில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, “மூர்த்தி, கோணலா இருக்குப்பா. வீடே ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி தெரியுது” என்றார். தண்ணீர் ஓட வேண்டுமே சார் என்றேன். தண்ணீர் அதுவாக ஓடிக்கொள்ளும், நீ நேராக வை என்றார். வைத்தேன். அடுத்த ஐப்பசி முழுக்க அவர் வீட்டுக் கூரை விளிம்பில் கொசு வளர்த்தார். தை பிறந்ததும் போன் செய்து, “கோணலாவே வைப்பா” என்றார்.

மட்டம் பார்க்க ஒரு பிளாஸ்டிக் டியூபும் அதில் பாதித் தண்ணீரும் போதும். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அங்கே கோடு போட்டு, ஒரு பக்கம் மட்டும் வேண்டிய அளவு கீழே இறக்கி, நூல் கட்டி, நூலோடு கிளாம்பு அடித்துக்கொண்டே போக வேண்டும்.

அந்த இரண்டாவது முனையைப் பிடிப்பவள் என் மனைவி செல்வி. முன்பு கூலிக்கு ஆள் வைத்திருந்தேன். அவர்கள் போனில் பேசிக்கொண்டே டியூபை ஆட்டுவார்கள், நான் ஏணியிலிருந்து கத்துவேன். ஒரு நாள் சாப்பாடு கொண்டுவந்த செல்வி, அந்தச் சத்தத்தைக் கேட்கச் சகிக்காமல் டியூபை வாங்கிக்கொண்டாள். அன்றைக்குப் பிடித்தவள்தான். அவள் முனையில் தண்ணீர் அசையாது. என்னுடைய முனையில்தான் அசைகிறது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வேலை முடிந்ததும் மேல் முனையில் ஒரு வேப்பிலையைப் போட்டு ஒரு செம்புத் தண்ணீர் விடுவேன். இலை எங்கும் தயங்காமல், எங்கும் பாயாமல், நடந்து போகிற மாதிரி பைப்புக்குள் இறங்க வேண்டும். இறங்கினால் ஏணியை மடக்கலாம்.

அக்கா வீட்டில் அந்த வேப்பிலை தலைதெறிக்க ஓடியது.

அக்கா சொன்ன மூலை

மாமா இறந்து சில மாதத்தில், வாஸ்து பார்க்கிற ஒருவர் குருவிநத்தம் பக்கம் வந்தார். அக்கா வீட்டைச் சுற்றி நடந்தார். பின்பக்கக் கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டார். அந்தக் கூரை வடக்கே பார்த்தது. அப்போது ஓட்டு வீடு. கூரைத் தண்ணீர் கீழே விழுந்து, நிலச் சாய்வின்படி மேற்கே தென்னைகளுக்குப் போய், அப்படியே வாய்க்காலில் சேரும். அவர் உதட்டைப் பிதுக்கினார். தண்ணீர் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில் போக வேண்டும் என்றும், இப்படி வாயு மூலையில், வடமேற்கில் போனால் வீட்டு ஆம்பளைக்கு ஆகாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வார்த்தை அக்காவை என்ன செய்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை. மூன்று வருடம் கழித்து ஓட்டைப் பிரித்துக் கலர் ஷீட் போட்ட அன்று, ஏணிக்குக் கீழே நின்று சொன்னாள்:

“ஈசானியத்துல வுடுடா. நல்லா எச்சாவே வுடு. ஒரு சொட்டு அந்தாண்ட திரும்பக் கூடாது.”

பின்பக்கக் கூரை முப்பதடி. நிலம் மேற்கே சாய்கிறது, கட்டரைக் கிழக்கே சாய்க்கச் சொல்கிறாள். வடகிழக்கு மூலையில் பைப் இறக்கினால் சந்தில்தான் விழும், சந்தில் விழுந்தால் கொட்டகைச் சுவரில்தான் போய் முட்டும். சொன்னேன். அவள் கேட்கவில்லை. மண் சாந்தில் கட்டிய சுவர் அது, தாங்காது என்றும் சொன்னேன்.

“நீ எனக்குத் தம்பியா, இல்ல அவனுக்கு மச்சானா?” என்றாள்.

இரண்டும்தான். ஆனால் அப்படிப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒன்றரை இஞ்ச் விட வேண்டிய இடத்தில் மூன்று இஞ்ச் விட்டேன். எந்த வீட்டிலும் செய்யாத அந்தத் தப்பை என் சொந்த அக்கா வீட்டில் செய்தேன். ஆவணி மாதம் அது.

அடுத்த பதினைந்து நாளில் கவிதாவுக்கு வரன் வந்தது. இரண்டு வருடமாக ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போய்த் திரும்பி வராத வீடுகளையே பார்த்தவள் அக்கா. அதன் பிறகு அந்தப் பைப்பை அவளிடமிருந்து பிடுங்க யாரால் முடியும்? ஐப்பசியில் மழை பிடித்தது. ஏழுமலையின் சுவர் கரைந்தது. கொட்டகைக்குள் சேறாகி, கறவை மாடு காலை மாற்றி மாற்றி வைத்து நின்றது. அக்கா பின்கதவைச் சாத்திக்கொண்டாள்.

செல்வி கேட்ட கேள்வி

சேற்றுப் பையை வீட்டுக்கு எடுத்துப் போய் செல்வியிடம் காட்டினேன். அவள் பூச்செடித் தொட்டியில் கொட்டிவிட்டுக் கை கழுவினாள்.

“உங்கக்காகிட்ட போயி வாட்டத்த மாத்துறேன்னு சொல்லு.”

“கழுத்த அறுத்துடும்.”

“ஈசானியத்துல தண்ணி வரணும்னு தான சொல்லுச்சு?”

“ஆமா.”

“எம்மாந் தண்ணின்னு சொல்லுச்சா?”

நான் சோற்றில் கையை வைத்தபடி அவளைப் பார்த்தேன். இத்தனை வருடமாக அரை இஞ்சுக்கும் முக்கால் இஞ்சுக்கும் நடுவில் மண்டையை உடைத்துக்கொள்கிறவன் நான். டியூபின் மறுமுனையில் நிற்கிறவள் ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள்.

கட்டருக்கு ஒரே பக்கம்தான் வாட்டம் இருக்க வேண்டும் என்று இல்லை. நடுவில் ஓரிடத்தை மேடாக வைத்து இரண்டு பக்கமும் இறக்கலாம். பெரிய கூரைகளுக்கு அப்படித்தான் செய்வேன். மேடு சரியாக நடுவில் இருக்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. வடகிழக்கு மூலையிலிருந்து மூன்றே அடி தள்ளி மேட்டை வைத்தால், மூன்றடித் தண்ணீர் ஈசானியத்துக்கு. மிச்சம் இருபத்தேழு அடித் தண்ணீர் மேற்கே, தென்னைகளுக்கு.

அக்காவும் கவிதாவும் கல்யாணப் புடவை எடுக்கப் பாண்டிக்குப் போன நாளைப் பார்த்து நாங்கள் குருவிநத்தம் போனோம். புடவை எடுப்பது ஒரு நாள் வேலை என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது.

கிளாம்புகளைக் கழற்றி, டியூப் பிடித்து, புதிதாக நூல் கட்டினோம். சந்தில் இறங்கிய பைப்பை வெட்டி எடுத்தேன். அதற்குப் பதில் வடகிழக்கு மூலையில், அக்கா வீட்டுத் தோட்டத்துக்குள்ளேயே, மூடி போட்ட ஒரு நீல டிரம். நிரம்பி வழிந்தாலும் தண்ணீர் எங்கள் பக்கமே போக ஒரு ஓஸ் குழாய். மேற்கு முனையில் நாலு இஞ்ச் பைப்.

பாதி வேலையில் சந்துக்குள் ஏழுமலையின் தலை தெரிந்தது.

“இன்னா மச்சான், அண்ணி இல்லாதப்ப?”

விவரம் சொன்னேன். அண்ணாந்து கட்டரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து செல்வியிடம் கொடுத்தார்.

“அப்ப தார வாக்க வரீங்கல்ல?” என்றேன், ஏணியிலிருந்தே.

“சொவுரு கட்டிக்குவேன், அது பெருசில்ல. மாடு சேத்துல நின்னுக்கினு இருந்தது. கதவத் தொறந்து ஒரு வார்த்த கேக்கல அண்ணி. அவங்க வாயால கூப்புடட்டும், வரேன்.”

இரண்டு வேப்பிலை போட்டேன். ஒன்று கிழக்கே மூன்றடி நடந்து டிரம்முக்குள் இறங்கியது. மற்றது சாவகாசமாக மேற்கே போயிற்று.

மழை வந்த நாள்

வீட்டுக்கு வந்த அக்கா டிரம்மைப் பார்த்தாள். ஈசானியத்தில் பிடிக்கிற தண்ணீர் வீணாகாமல் இருக்கட்டும் என்று சொன்னேன். சந்தோஷப்பட்டாள். டிரம்முக்குக் குங்குமப் பொட்டுகூட வைத்தாள். மேற்குப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. நான் அன்றிலிருந்து தினமும் எழுந்ததும் வானத்தைத்தான் பார்த்தேன். கட்டர் மாட்டுகிறவன் மழைக்குப் பயந்த கதை வேறெங்காவது உண்டா என்று தெரியவில்லை.

மார்கழிக் கடைசியில் ஒரு நாள் காலையிலேயே வானம் இருண்டது. செல்வியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தகரக் கூரையில் மழை பேயடி அடித்துக்கொண்டிருந்தது. அக்கா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு டிரம் பக்கத்தில் நின்றிருந்தாள். டிரம்முக்குள் விரல் மொத்தத்துக்குத் தண்ணீர் விழுந்தது.

“தண்ணி கம்மியா வருதேடா.”

“மழ கம்மிக்கா” என்றேன். மழைச் சத்தத்தில் அதை நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு மேற்கே நடந்தாள். நான் பின்னால் போனேன். அங்கே நாலு இஞ்ச் பைப் நிறையத் தண்ணீர் வந்து, தென்னைகளைச் சுற்றிச் சுழன்று வாய்க்காலுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“இந்தப் பக்கம் எத்தினி அடி?”

“இருவத்தேழு.”

“அந்தப் பக்கம்?”

“மூணு.”

அவள் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அடிக்கவில்லை. நனைந்தபடி நின்றாள்.

“அக்கா, மாமா செத்தது இந்தத் தண்ணியால இல்லக்கா.”

நாலு மாதத்துக்கு முன்னால், ஏணியில் நின்றபோதே நான் சொல்லியிருக்க வேண்டியது அது. வாஸ்து சொன்னவரைக் கிண்டல் செய்தேனே தவிர, அக்கா அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்று கேட்டதே இல்லை. புருஷன் போனதற்குத் தன் வீட்டுக் கூரைதான் காரணம், அதைப் பார்க்காமல் விட்ட தான்தான் காரணம் என்று அவள் மூன்று வருடமாகத் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

“எனக்குத் தெரியாதாடா” என்றாள். “தெரிஞ்சாலும் பயமா இருக்குதே. கவிதா போற வூட்லயும் ஒரு ஆம்பள இருக்கான்ல.”

பின்னாலேயே வந்த செல்வி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா துண்டால் முகத்தைத் துடைத்தாள். “மூணு அடினாலும் அங்க வருதுல்ல?”

“வருதுக்கா. ஒரு சொட்டு நிக்காது.”

“நின்னா உன்ன சும்மா வுட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, பின்கதவு வழியாக வீட்டுக்குள் போகாமல், சந்துக்குள்ளேயே புகுந்து, ஏழுமலையின் கொட்டகையைப் பார்க்க நடந்தாள்.

அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. எட்டிப் பார்க்காமல் இருக்க நான் அரும்பாடு பட்டேன். செல்வி பாடே படவில்லை, எட்டிப் பார்த்தாள். அக்கா புதுச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தாள் என்றும், பிறகு மாட்டின் காலைக் குனிந்து பார்த்தாள் என்றும், ஏழுமலை ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார் என்றும் சொன்னாள்.

செம்பு

தையில் கல்யாணம். வீட்டு வாசலிலேயே பந்தல். விடியற்காலை அக்கா டிரம் மூடியைத் திறந்து, ஒரு பித்தளைச் செம்பில் மழைத் தண்ணீரை நிரப்பி, மஞ்சள் துணி சுற்றி ஏழுமலையின் மனைவி கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வழக்கப்படி உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

ஏழுமலை புது வேட்டியில் மணைக்கு வந்து நின்றார். மாப்பிள்ளை கை கீழே, அதன்மேல் கவிதாவின் கை. ஐயர் மந்திரம் சொல்லிவிட்டுத் தண்ணீரை விடச் சொன்னார். ஏழுமலை செம்பைத் தூக்கினார். தூக்கியவர் சாய்க்கவில்லை.

“அண்ணி எங்க?”

கூட்டத்தில் சலசலப்பு. ஒரு பெரியவர் எழுந்து, அதெல்லாம் வழக்கம் இல்லை என்றார். ஏழுமலை அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

“அவங்க வூட்டுத் தண்ணி. அவங்க வரட்டும், வுடறேன்.”

அக்கா வரவில்லை. செல்வி உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். தலையைக் குனிந்தபடி வந்து நின்ற அக்காவின் கையை எடுத்து, ஏழுமலை செம்புக்கு அடியில் வைத்தார். கவிதா அம்மாவை நிமிர்ந்து பார்த்தது. செம்பு மெல்லச் சாய்ந்தது. தண்ணீர் நடந்து போகிற மாதிரி இறங்கியது.

நான் அண்ணாந்து முன்பக்கக் கூரை ஓரத்துக் கட்டரை ரொம்ப நேரம் ஆராய்ந்துகொண்டிருந்தேன். செல்வி பக்கத்தில் வந்து நின்றாள்.

“அங்க இன்னாயா பாக்குற? ஒழுவுதா?”

“இல்ல. நல்லாத்தான் இருக்குது.”

“சரி. மூஞ்சத் தொடச்சிக்கினு வா, தாய்மாமன் மாலையப் போடணும்னு கூப்புடறாங்க.”